சீலாவுக்காக வைத்திருந்தது

சீலாவின் வயிற்றில் பிள்ளை தலையை மேலே வைத்துக் குந்திக்கொண்டிருந்தது. எட்டாம் மாதம் தொடங்கிய கிழமை வீட்டுக்கு வந்து வயிற்றைத் தடவிப் பார்த்த பியாட்றிஸ் மிஸிதான் அதைக் கண்டுபிடித்தார். ஏழாலையில் முப்பது வருடமாகப் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவிச்சி அவர்.

“இன்னும் திரும்பக்கூடும்,” என்றார் கையைத் துடைத்துக்கொண்டு. “திரும்பாட்டி வீட்டிலை பெறுற கதை வேண்டாம். முதல் பிள்ளை, கால் கீழை எண்டால் நான் கை வைக்க மாட்டன். நோ தொடங்கின உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட வேணும். விளங்குதோ தம்பி?”

லயனல் தலையாட்டினான். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி எட்டு மைல். வேறு காலமென்றால் அது ஒரு தூரமே இல்லை. அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, யுத்த காலம். மின்சாரம் நின்று ஒரு வருடமாகியிருந்தது. குடாநாட்டுக்குள் பெற்றோல் கொண்டுவரத் தடை. பஸ்ஸும் ரெயிலும் இல்லை. சனம் சைக்கிளில் போனது. நோயாளியையும் சைக்கிள் கரியரில் இருத்தித்தான் கொண்டுபோனது. பிள்ளை காலை முன்னுக்கு வைத்து வருகிற நேரத்தில் ஒரு பெண்ணைக் கரியரில் வைத்து எட்டு மைல் உழக்க முடியுமா? அந்தக் கேள்வி அவனை விடவில்லை.

லயனல் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் தண்ணீர்ப் பம்புகள் திருத்துகிறவன். கழற்றுகிற ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே கடதாசியில் அடுக்கிவைத்து, அதே ஒழுங்கில் திரும்பப் பூட்டுகிற ஆள். பிள்ளைப்பேற்றுக்கும் அவன் அப்படித்தான் ஆயத்தம் செய்தான். சீலாவின் தாய் தகப்பன் கொழும்பிலே அகப்பட்டிருந்தார்கள். பாதை மூடியதால் அவர்களால் வர முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் தானே பார்க்கவேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். குண்டுவீச்சுக்கு ஒளிய வளவில் வெட்டியிருந்த பங்கரின் வாசல் சீலாவுக்கு ஒடுக்கமாகிவிட்டது என்று கண்டு, சுண்ணாம்புக்கல்லை அலவாங்கால் குத்தி அரையடி அகட்டினான். அவித்துக் காயவைத்த பழைய வேட்டித்துண்டுகள், சவர்க்காரம், சுடுதண்ணீர்ப் போத்தல், சீலா பழைய சேலையில் கையால் தைத்த சின்னச் சட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கி அறைக் கதிரையில் வைத்தான்.

கார் ஒன்றுக்காக, இரண்டு வீடு தள்ளி இருந்த கனகரட்ணம் அண்ணையைக் கேட்டான். முன்பு வாடகைக் கார் ஓடியவர். சாம்பல் நிற ஏ-போட்டிக் கார் ஒன்றைக் கிடுகுக் கொட்டிலுக்குள் மறைத்து வைத்திருந்தார்.

“மண்ணெண்ணெயிலை ஓடும் தம்பி. ஆனால் ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேணும். எஞ்சின் சூடாகினாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்தலாம். பெற்றோலை நீ தேடு, கார் என்ரை பொறுப்பு.”

ஊரெழுவில் ஒரு தோட்டக்காரரின் பம்பை மூன்று நாள் மினக்கெட்டுத் திருத்தியதற்குக் கூலியாக லயனல் ஒரு சோடாப் போத்தல் பெற்றோல் வாங்கிவந்தான். கிணற்றடியில் கிடந்த வெடித்த தொட்டிக்குள் அதை வைத்து ஈரச் சாக்கால் மூடினான். இடம் அவனுக்கும் சீலாவுக்கும் மட்டும் தெரியும்.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஒரு நாள் மெதுவாகச் சைக்கிளில் போனார்கள். இரத்தம் சோதித்ததில் சீலாவுக்கு ஓ நெகற்றிவ் என்று வந்தது. கிடைப்பது அரிதான வகை. லயனலையும் சோதித்தார்கள். அவனுக்கும் அதுவேதான்.

“கலியாணம் பேசேக்கை இதையும் பொருத்தம் பாத்தவையோ?” என்று டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: “வெட்டி எடுக்கவேண்டி வந்தால் உம்மடை இரத்தந்தான் இவவுக்கு. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் குடுத்திடாதையும். நல்லாச் சாப்பிடும்.”

அன்றிலிருந்து லயனல் முருங்கையிலையும் முட்டையும் மருந்துபோலத் தின்றான். சீலா பார்த்துச் சிரித்தாள். “பிள்ளைத்தாச்சி நானோ நீங்களோ?”

சீலா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ஆசிரியை; இப்போது பிரசவ லீவில் நின்றாள். எளிதில் பயப்படுகிறவள் அல்ல. ஆனால் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய வளவின் பின்பக்கம் ஒரு சின்னக் கொட்டிலில் முத்துக்குமாருவும் குணலட்சுமியும் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தார்கள். கீரிமலையிலிருந்து போன வருடம் உடுத்த துணியோடு ஓடிவந்தவர்கள். முத்துக்குமாரு வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை செய்தான். குணலட்சுமியும் பிள்ளைத்தாச்சி.

“குணமக்காவுக்கும் இந்த மாசந்தான்,” என்றாள் சீலா.

“அவவுக்கு இது மூண்டாவது. பியாட்றிஸ் மிஸி பாத்துக்கொள்ளுவா.”

“ஏதும் எண்டால்?”

“சீலா, உந்தப் போத்தல் ஒருக்காத்தான் காணும். திரும்பி வரவே காணுமோ தெரியாது. அதைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம்.”

சீலா பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணியளவில், சந்தைக்கு மேலால் குண்டு போடுகிற பொம்பர் போனது. லயனல் கடைக்குப் பின்னால் இருந்த வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்தான். விமானம் தெற்கே போய்க் குத்தி எழும்பியது. இரண்டு வெடிச்சத்தம் நிலத்தால் வந்து நெஞ்சில் முட்டியது. சத்தம் ஓய்ந்ததும் அவன் கடையைப் பூட்டாமலே சைக்கிளை எடுத்தான். சீலா தனிய.

படலை ஆவென்று திறந்து கிடந்தது. விறாந்தையில் இரத்தம். சின்னக் குட்டையாகத் தேங்கி, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக முற்றத்து மணலில் படலை வரைக்கும் போயிருந்தது. பக்கத்தில் பாதி ஆய்ந்த முளைக்கீரை சுளகோடு கவிழ்ந்து கிடந்தது.

“சீலா,” என்று கூப்பிட்டான். குசினியில் அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தது. கிணற்றடிக்கு ஓடினான். சாக்கு ஒரு பக்கம் கிடந்தது. தொட்டிக்குள் போத்தல் இல்லை. பின்வளவுக் கொட்டிலும் வெறுமையாக இருந்தது; குணலட்சுமி சீலாவுக்குத் துணையாகப் போயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டான். அறைக்குள் வந்தபோது பை கதிரையில் அடுக்கினபடியே இருந்தது. பையைக்கூட எடுக்க நேரமில்லாமல் போயிருக்கிறாள்.

பையை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு உழக்கத் தொடங்கினான். அந்த இரத்தம் எவ்வளவு இருக்கும் என்று மனது தானாக அளந்துகொண்டிருந்தது. ஒரு போத்தலா, இரண்டு போத்தலா? தன் உடம்பில் இருப்பது அவ்வளவுக்குக் காணுமா?

மருதனார்மடச் சந்தியில் சனம் கூடி நின்றது. எதிரே வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார்: “கொக்குவிலடியிலை போட்டிட்டான். ரோட்டாலை போன காரொண்டு அம்பிட்டிட்டுதாம்.”

என்ன நிறக் கார் என்று கேட்க வாய் வரவில்லை. இணுவில், தாவடி எல்லாம் எப்படிக் கழிந்தன என்று பிறகு எவ்வளவு நினைத்துப் பார்த்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கொக்குவிலில் ஒரு வேம்பு றோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அதற்கப்பால் ஒரு வாகனம் எரிந்து புகைந்துகொண்டிருந்தது. இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைக் கடந்தான். எரியாமல் மிஞ்சிய கதவில் பச்சை நிறம் தெரிந்தது. பச்சை. சாம்பல் இல்லை. பக்கத்தில் சாக்கால் மூடி யாரோ கிடந்தார்கள். அதைப் பார்த்தும் தன் நெஞ்சு லேசானதை அவன் உணர்ந்தான். நிற்காமல் ஏறி உழக்கினான்.

ஆஸ்பத்திரி வாசலில் காயக்காரரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் ஏ-போட்டி நின்றது. பின்னிருக்கையைக் கனகரட்ணம் அண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சீலா எங்கை?”

“உள்ளை. பதறாதை தம்பி, அவவுக்கு ஒண்டுமில்லை. உங்கடை விறாந்தையிலை கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்த குணலட்சுமிக்குத்தான் திடீரெண்டு இரத்தம் போகத் தொடங்கிட்டுது. உன்ரை மனுசி போத்தலையும் கொண்டு என்னட்டை ஓடி வந்தா.”

லயனல் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுப் பையைக் கழற்றினான். காரின் மட்காட்டில் சாய்ந்து நின்றான்.

“தாவடியிலை பொம்பர் சுத்த, காரை விட்டிட்டு மதிலடியிலை படுத்தன்,” என்றார் கனகரட்ணம் அண்ணை. “குணத்தை இறக்கேலாது. உன்ரை மனுசியை இறங்கு பிள்ளை எண்டு கெஞ்சினன். அவவைத் தனிய விட்டிட்டு இறங்க மாட்டன் எண்டு காருக்குள்ளையே இருந்திட்டா. திரும்ப ஸ்ராட் பண்ணினதோடை பெற்றோலும் முடிஞ்சுது.”

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகும் விறாந்தையில் சீலா மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சேலையிலும் கையிலும் இரத்தம் காய்ந்திருந்தது. அவனையும் பையையும் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“நான் எண்டு நினைச்சிட்டியளோ?”

“வேறை என்னத்தை நினைக்கிறது? வீடு முழுக்க இரத்தம்.” அவன் பையை வாங்கில் வைத்தான். “மேலை பொம்பர் சுத்தேக்கை காருக்குள்ளை இருந்தனீராம்.”

“குணமக்கா என்ரை கையை விடேல்லை.”

“என்னட்டை ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். ஏன் என்னைக் கேக்கேல்லை?”

“கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் எண்டிருப்பியள்.”

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு தாதி வந்தாள்.

“குணலட்சுமியின்ரை ஆக்கள் ஆர்? நச்சுக்கொடி முன்னுக்கு வந்திட்டுது, உடனை வெட்ட வேணும். இரத்தம் காணாது. இருந்தது காயப்பட்ட சனத்துக்குப் போய்க்கொண்டிருக்கு. ஓ குறூப் ஆரும் இருக்கிறியளோ?”

பின்னால் வந்து நின்ற கனகரட்ணம் அண்ணை தலையைச் சொறிந்தார். “எனக்கு அறுபத்திரண்டு வயசு பிள்ளை. சீனி வருத்தமும் இருக்கு.”

“என்னட்டை எடுக்க மாட்டியள்,” என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சீலா நிலத்தைப் பார்த்தாள்.

லயனல் தாதியிடம் கேட்டான். “ஒருக்காக் குடுத்தால் பிறகு எப்ப குடுக்கலாம்?”

“மூண்டு நாலு மாசம் செல்லும்.”

அவன் சீலாவின் பக்கம் திரும்பினான். “என்ன செய்யச் சொல்லுறீர்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“சொல்லும்.”

“பெற்றோலை நான் எடுத்துக் குடுத்தன், அதுக்கு நான் பொறுப்பு. இதை நான் சொல்லேலாது.” அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்தாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

தள்ளுவண்டியில் குணலட்சுமியைக் கொண்டுவந்தார்கள். உதடு வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது. சீலாவைக் கண்டதும் தலையைச் சற்றே தூக்கினாள்.

“ரீச்சர், பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வருங்கள்,” என்றாள். “சோறு இறக்கேல்லை.”

கதவு மூடியது. லயனல் சட்டைக் கையை மடித்தான். பெரிய மனதோடு அதைச் செய்ததாக அவனுக்குத் தோன்றவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த வாங்கைக் கடந்து போக அவனால் முடியவில்லை. அவ்வளவுதான்.

குணலட்சுமி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பின்னேரம் முழங்கால் வரை தோட்டத்து மண்ணோடு முத்துக்குமாரு சைக்கிளில் வந்து சேர்ந்தான். தாதி சொன்னதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

“ஆம்பிளைப் பிள்ளையோ?”

“ஓம்.”

அவன் தலையாட்டிவிட்டு லயனலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். பொழுது சாய, துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனான்.

கார் ஓடாது. சீலாவை இனித் திரும்பக் கொண்டுபோவது மடைத்தனம் என்று லயனலுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில் சீலாவோடு ஒன்றாகப் படித்த மக்டலீன் இருந்தாள். அவள் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். இப்போது தூரம் பிரச்சினை இல்லை. இரத்தந்தான் பிரச்சினை.

அடுத்த நாளே அவன் இரத்த வங்கிக்குப் போனான். அங்கிருந்தவர் பழைய கொப்பியொன்றைப் புரட்டி, முன்பு ஓ நெகற்றிவ் கொடுத்த மூன்று பேரின் விலாசங்களை எழுதிக் கொடுத்தார். முன்கூட்டி எடுத்து வைக்கிற இரத்தம் அன்றன்றே காயக்காரருக்குப் போய்விடுகிறது, நோ தொடங்கியதும் ஆளையே கூட்டிவரவேண்டும் என்றார். ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டார். இன்னொருவரின் வீட்டில் கூரையே இல்லை. பக்கத்தில் கேட்டதற்கு எங்கே இடம்பெயர்ந்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாமவர் வின்சன்ற், நாவாந்துறை.

வின்சன்ற் நாற்பது வயது மதிக்கத்தக்க, மார்பு அகன்ற கடற்றொழிலாளி. வலையில் கிழிந்த இடத்தைப் பொத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“எப்ப வேணும்?”

“தெரியாது அண்ணை. நோ தொடங்க வேணும்.”

“அதுவரைக்கும் கடலுக்குப் போகாமல் இருக்கேலாது தம்பி. வீட்டிலை அஞ்சு சீவன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “வந்து சொல்லும். கரையிலை நிண்டால் வருவன்.”

அதற்குமேல் அவரை வற்புறுத்த முடியாது. லயனல் விடிந்ததும் நாவாந்துறைக்குப் போய் வின்சன்ற் கரையில் நிற்கிறாரா என்று பார்ப்பான். மத்தியானம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அகதிகளாக இருந்தவர்களிடம் போய் வேறு யாருக்கும் அந்த வகை இருக்கிறதா என்று கேட்பான். பலருக்குத் தங்கள் இரத்தம் என்ன வகை என்றே தெரியாது. சீலா மக்டலீனின் முற்றத்தில் மெதுவாக நடந்துகொண்டிருப்பாள். பிள்ளை திரும்பவில்லை. அதன் தலை விலாவுக்குக் கீழே கல்லுப்போலத் தட்டுப்பட்டது. இருவரும் சாப்பாடு, மருந்து, வெயில் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் அவன் தானாகச் சொன்னான்: “நீர் சொன்னது சரி. கேட்டிருந்தால் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்.”

“தெரியும்.”

“அது பிழையோ?”

“பிழை எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் எனக்காகத்தானே வைச்சிருந்தனீங்கள்.” சீலா அவனுடைய முழங்கைக்குள் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். “இதுவும் எனக்காக வைச்சிருந்ததுதான். நீங்கள் குடுப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை.”

“குடுக்காமல் விட்டிருக்கலாம் எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறன்,” என்றான் அவன். சீலா கையை எடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலை ஆறு மணிக்கு அவளுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. அவனும் மக்டலீனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, நின்று நின்று நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டொக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“ரெண்டு காலும் கீழை. வெட்டித்தான் எடுக்கவேணும். இரத்தம் இருக்கோ?”

“இருக்கு. கொண்டு வாறன்,” என்று லயனல் சொன்னான். சொல்லிவிட்டு மக்டலீன் வீட்டில் நின்ற சைக்கிளை எடுக்க ஓடினான்.

வின்சன்ற் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி கத்தரீனா வாசலில் நின்று கடலைக் காட்டினாள். “இருட்டோடை போனவர். இனி வாற நேரந்தான். ஆனால் ஒண்டும் சொல்லேலாது தம்பி.”

கரையில் போய் நின்றான். ஆழமில்லாத பரவைக் கடல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் ஐந்தாறு வள்ளங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. எது அவருடையது என்று கேட்டான். கத்தரீனாவுக்கும் அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை. லயனல் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசினான். ஏழரை ஆனது. எட்டு ஆனது. அவன் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக நினைத்துச் சைக்கிளைத் திருப்பினான். போய் என்ன சொல்வது? திரும்ப வந்து நின்றான்.

எட்டரை மணிபோல மண்டைதீவு இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலி ஒன்று எழும்பியது. கரையில் நின்றவர்கள் மீன்வாடிகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். “உள்ளை வாரும் தம்பி,” என்று கத்தரீனா கூப்பிட்டாள். அவன் தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஹெலி தாழப் பறந்து வள்ளங்களின் மேல் ஒரு வட்டம் போட்டது. சுட்டால் இவ்வளவுதான். அவன் சீலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகக் கத்தரீனா பிறகு சொன்னாள். அவனுக்கு அது தெரியாது. ஹெலி சுடாமல் தீவுப் பக்கமே திரும்பிப் போனது. வள்ளங்கள் எல்லாம் மரக்கோல் ஊன்றி ஒன்றாகக் கரையை நோக்கி வரத் தொடங்கின.

மூன்றாவதாக வந்த வள்ளத்திலிருந்து வின்சன்ற் குதித்தார். லயனலைக் கண்டதும் கத்தரீனாவிடம் மரக்கோலைக் கொடுத்தார்.

“தொடங்கிட்டுதோ?”

லயனல் தலையை மட்டும் ஆட்டினான். இருவரும் சைக்கிளில் ஏறினார்கள். நூறு யார் தூரம் போவதற்குள் லயனலுக்கு மூச்சு இரைத்து, கண் இருட்டியது. வின்சன்ற் கரியரிலிருந்து இறங்கினார்.

“நீர் பின்னாலை இரும். நான் உழக்கிறன்.”

போனபோது சீலாவை உள்ளே கொண்டுபோய் அரை மணித்தியாலமாகியிருந்தது. பொறுத்திருக்க முடியவில்லை என்று தாதி சொன்னாள். வின்சன்றின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். லயனல் அதே விறாந்தையில், அதே வாங்கில் இருந்தான். இரத்தப் போத்தலை ஒரு ஊழியர் துணியில் சுற்றிக்கொண்டு அவனைக் கடந்து ஓடினார். தன்னுடையதாக இருந்திருக்கவேண்டிய போத்தல் என்று லயனல் நினைத்தான்.

தாதி வந்தாள். “பொம்பிளைப் பிள்ளை. அழுதிட்டுது.”

“சீலா?”

“இரத்தம் கனக்கப் போயிட்டுது. ஏத்திக்கொண்டிருக்கினம். இப்ப ஒண்டும் சொல்லேலாது.”

அந்த ஒரு மணித்தியாலத்தில் அவன் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. வின்சன்ற் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். உடம்பில் கடலும் மீனும் மணத்தன. யாரோ கொடுத்த வெறுந்தேத்தண்ணியில் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை லயனலிடம் நீட்டினார்.

“குடியும். வெறும் வயித்தோடை இருக்கிறீர்.”

கடைசியில் டொக்டரே வந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டு, “தப்பிட்டா,” என்றார். “நேரத்துக்கு வந்தது நல்லதாப் போச்சு.”

லயனல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வின்சன்ற் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழும்பினார். “அப்ப நான் வரட்டே தம்பி? கத்தரீனா தனிய, மீன் விக்கவேணும்.”

பதினைந்து நாள் கழித்து மாட்டுவண்டியில் ஏழாலைக்குத் திரும்பினார்கள். வைக்கோலுக்கு மேல் பாய் விரித்து, சீலா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். சுன்னாகம் தாண்டியதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். என்ன யோசிக்கிறாள் என்று லயனலுக்குத் தெரியும். அவனும் அதையேதான் யோசித்தான்.

வண்டி படலையில் நின்றபோது குணலட்சுமி விறாந்தையில் நின்றாள். மெலிந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. விறாந்தை சாணத்தால் மெழுகியிருந்தது. சீலா இறங்கி வந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி தயங்கி நின்றாள். சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மறைத்திருந்தாள்.

“மூச்சு முட்டப்போகுது ரீச்சர். எடுங்கோ தலைப்பை,” என்று குணலட்சுமி கையை நீட்டினாள். “தாங்கோ.”

சீலா கொடுத்தாள். குணலட்சுமி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பொன்றை எடுத்தாள்.

“மூக்கு லயனல் தம்பியின்ரை,” என்றாள் பிறகு. “ஒழுங்கா முழுக வாத்ததோ?”

“ஆஸ்பத்திரியிலை துடைச்சுத்தான் விட்டவை.”

“தண்ணி சுட வைச்சிருக்கிறன். நான் வாக்கிறன். நீங்கள் போய்ப் படுங்கோ, காயம் ஆறேல்லை.”

“உங்களுக்கும் ஆறேல்லைத்தானே குணமக்கா.”

“எனக்கு உங்களைவிடப் பத்து நாள் கூட.”

அவள் கிணற்றடியில் பலகையைப் போட்டு, காலை நீட்டி இருந்து, பிள்ளையைக் கால்களின் மேல் கிடத்தினாள். முதல் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டு அழுதது. குணலட்சுமியின் சட்டையின் முன்பக்கம் பால் ஊறி நனைந்து கறுத்தது. சீலா அதைக் கண்டாள். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். குணலட்சுமி சேலையை இழுத்து மூடிக்கொண்டு, பிள்ளையின் தலையை உள்ளங்கையில் தாங்கி, மற்றக் கையால் தண்ணீரை அள்ளி மெதுவாக ஊற்றினாள்.

“இது சூடு கூட,” என்றாள் தலை நிமிராமல். “தம்பி, கொஞ்சம் பச்சைத் தண்ணி அள்ளுங்கோ.”

லயனல் வாளியைக் கிணற்றுக்குள் விட்டான்.